நான் வாங்கின சத்தியம்

நான் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். அந்த நாலாம் வகுப்பிலும் பாதி நாள் அடுத்தவன் காட்டில் மிளகாய் பறித்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் சாத்தூர்ப் பக்கம் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. பதினேழு வருசம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். வெம்பக்கோட்டை ரோட்டில் கரிசல் நிலம் வாங்கினேன், லைசென்ஸ் எடுத்தேன், பட்டாசுக் கம்பெனி போட்டேன். எங்க அப்பா யார் காட்டில் களை எடுத்தாரோ, அந்த வீட்டுப் பேரன் என்னிடம் வேலை கேட்டு வந்தான். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, வேலையும் கொடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஒருத்தரும் கை கொடுத்துத் தூக்கி விடவில்லை, நானாக ஏறி வந்தேன்.

என் ஆயுசில் ஒரு சத்தியம் செய்தேன், ஒரு சத்தியம் வாங்கினேன். செய்த சத்தியத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். வாங்கின சத்தியத்தைப் பற்றி எங்கேயும் வாய் திறந்ததில்லை. இப்போது அதைத்தான் எழுதுகிறேன்.

பட்டாளத்தில் பயிற்சி முடிகிறபோது ஒரு பரேடு உண்டு. கசம் பரேடு என்பார்கள். கசம் என்றால் இந்தியில் சத்தியம். பூட்ஸில் முகம் பார்க்கலாம், அம்புட்டுப் பாலிஷ். நடுவில் தேசியக் கொடி. பூசாரி மாதிரி ஒருவர், அவருக்குப் பட்டாளத்தில் அதுதான் உத்தியோகம், கீதைப் புத்தகத்தைத் தட்டில் வைத்துக் கொண்டு வருவார். வேதக்காரப் பையன்களுக்கு பைபிள், முஸ்லிம் பையன்களுக்கு குர்ஆன். புத்தகத்தின் மேல் கையை வைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல நாங்களும் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இந்தியில் சாப்பாடு கேட்கத் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியும், திட்டினால் புரியும். அவ்வளவுதான். ஆனால் சத்தியத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். வரிசையில் என் சத்தம்தான் பெரிய சத்தம்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது பக்கத்தில் நின்ற நாகர்கோவில் பையனிடம், நாம் என்னடா சொன்னோம் என்று கேட்டேன். அவன் பத்தாவது படித்தவன்.

“தரை வழியோ கடல் வழியோ ஆகாய வழியோ, எங்க போகச் சொன்னாலும் போவேன். மேல உள்ள அதிகாரி சொன்னத, உசுருக்கே ஆபத்துன்னாலும் செய்வேன். இதத்தாம்லே சொல்லியிருக்க.”

“அப்ப நான் செத்துப் போனா நீ எங்க வீட்டுக்கு ஒரு லெட்டர் போட்ருலே.”

“நானும் அதத்தாம்லே சொல்லியிருக்கேன். லெட்டர் போட வேற ஆளப் பாரு.”

சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். அர்த்தம் தெரியாமல் செய்த சத்தியம்தான். ஆனால் அதை நான் காப்பாற்றினேன். வடக்கே பனிமலையில் ஒரு காவல் மேட்டில் என்னை நிறுத்தினார்கள். ரெண்டு மணி நேரத்தில் மாற்று ஆள் வர வேண்டும். வழியில் பனி சரிந்து ஆள் வரவில்லை. ஆறு மணி நேரம் நின்றேன். கீழே கூடாரம் கண்ணுக்குத் தெரிகிறது, அடுப்புப் புகை தெரிகிறது. இறங்கிப் போயிருந்தால் யாரும் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். நான் இறங்கவில்லை. இடது காலில் ஒரு விரல் கறுத்து, பிறகு அதை எடுத்துவிட்டார்கள். கேட்டால் செருப்பைக் கழற்றிக் காட்டுவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கூடக் காட்டியிருக்கிறேன்.

மேடையில் நான் சொல்லாத மிச்சக் கதை ஒன்று உண்டு. கடைசியில் என்னை மாற்ற வந்தது சிப்பாய் இல்லை, எங்கள் கேப்டன். இருபத்தைந்து வயசு இருக்கும். இடுப்பளவு பனியில் தனி ஆளாக நடந்து வந்து, என் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, நீ கீழே போ என்றார். என் இடத்தில் அவர் நின்றார். உன்னை நிறுத்தினது நான், அதனால் நான்தான் வர வேண்டும் என்றார். இந்தப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதில் என் பெருமை ஒன்றும் இல்லையே.

கம்பெனி போட்டு நாலைந்து வருசத்தில் கார்கில் சண்டை வந்து முடிந்தது. நான் அதற்கு ரொம்ப முன்னாலேயே வெளியே வந்தவன். ஆனாலும் ஊருக்கு ஊர் கூப்பிட்டுத் துண்டு போட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மிதப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

பட்டாசுக் கம்பெனி என்றால் ஒரே கட்டடம் இல்லை. தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ரூம்கள். ஒரு ரூமுக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. ஆனால் பொம்பளை ஆட்கள் திரி வாங்க ஒரு ரூம், வெத்தலை வாங்க ஒரு ரூம், பேச ஒரு ரூம் என்று போய்விடுவார்கள். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஒரே ரூமில் எட்டுப் பேர். போர்மேன் திட்டித் திட்டித் தொண்டை கட்டினதுதான் மிச்சம். ஆள் கூடினால் சாவும் கூடும். இவர்களை அவரவர் இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று நான் நினைத்தது தப்பான நினைப்பு இல்லை, இன்றைக்கும் சொல்வேன். எப்படி நிறுத்தினேன் என்பதுதான் தப்பு.

ஆயுத பூசை அன்றைக்குக் கசம் பரேடு வைத்தேன். கம்பெனிக்குள் தீக்குச்சி கொண்டு போக முடியாது என்பதால், கேட்டுக்கு வெளியே, ஆள் ஏற்றும் வேன் நிற்கிற இடத்தில். முப்பது பேரை மூன்று வரிசையாக நிறுத்தினேன். கொடி நட்டேன். புத்தகத்துக்குப் பதிலாக இருக்கன்குடி மாரியம்மன் படம். படத்துக்கு முன்னால் சூடம். நான் சொல்லச் சொல்ல எல்லோரும் சொன்னார்கள்: உத்தரவு இல்லாமல் என் இடத்தை விட்டு நகர மாட்டேன், முதலாளி விசில் கேட்டால்தான் ரூமை விட்டு வெளியே வருவேன். சொல்லி முடித்து, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வில்லை.

எங்கள் பக்கத்தில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஊர்க் கூட்டத்தில் எம்புட்டுப் பெரிய வழக்கும் அதோடு முடிந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சூடம் வைத்தேன். கீதைப் புத்தகத்தை வைத்தால் இவர்கள் பயப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒருத்தி மட்டும் சூடத்தின் முன்னால் வந்து நின்றுவிட்டாள். புஸ்வாணம் என்கிற பூச்சட்டிக்குத் திரி வைக்கிற பெண், முப்பது வயசுக்குள். அவளுடைய மகளுக்குச் சின்னதிலே கண்ணில் பூ விழுந்து, இருக்கன்குடிக்கு நேர்ந்து, மருந்தும் போட்டு, பார்வை திரும்பியது. வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினவள். அவளுக்கு அந்தப் படம் வெறும் படம் இல்லை.

“விசில் அடிக்க ஆளு இல்லைன்னா என்ன செய்யட்டும் அண்ணாச்சி?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வரிசை நகரட்டும் என்று ஒருத்தி அவளை இடுப்பில் குத்தினாள்.

“நான் எங்க போயிருவேன் தாயி. இங்கனதான கெடப்பேன்” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.

விசிலை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. போர்மேன் கண்டதுக்கெல்லாம் ஊதுவான் என்று என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, கம்பெனி மாறித்தான் போனது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் பார்க்க முடியாது. பக்கத்துக் கம்பெனி முதலாளிமார் வந்து பார்த்துவிட்டு, பட்டாளத்துக்காரன் பட்டாளத்துக்காரன்தான் என்றார்கள். நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு ரூம் ரூமாகக் காட்டினேன்.

அடுத்த வருசம் ஆடி மாசம். மகனுக்குப் பெண் பேசி முடித்திருந்தோம். சம்பந்தி வீட்டார் போகிறபோது, மிலிட்டரிச் சரக்கு உண்டும்லா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்கள். பட்டாளத்திலிருந்து வந்தவனுக்கு மாசாமாசம் கேண்டீனில் பாட்டில் உண்டு. அதை வாங்க மதுரைக்குப் போனேன். வேலை நாளில், யாரிடமும் சொல்லாமல், விசிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது செல்போன் அடித்தது. போர்மேன்.

நான் கண்ணால் பார்க்கவில்லை, கேட்டதைத்தான் எழுதுகிறேன். ரூம்களுக்கு வெளியே சிமெண்டு மேடையில் வெடிமருந்து காயப் போட்டிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வர, அள்ளுகிற அவசரத்தில் தட்டு உரசிப் பற்றிக்கொண்டது. அள்ளினவன் தப்பிவிட்டான். எல்லா ரூமிலிருந்தும் ஆட்கள் ஓடைப் பக்கம் ஓடினார்கள். அன்றைக்குச் சூடத்தின் முன்னால் விசிலைப் பற்றிக் கேட்டாளே, அவள் ரூமில் இருந்த மற்ற மூன்று பேரும் ஓடினார்கள். அதில் மூத்தவள் இவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இவள் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, விசில் அடிக்கலக்கா என்றாளாம். அந்த அக்கா கையை விட்டுவிட்டு ஓடினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மேடையிலிருந்து தெறித்த பொறி இவள் ரூமுக்குள் அடுக்கியிருந்த பூச்சட்டியில் விழுந்தது. அதற்கப்புறம்தான் ஓடியிருக்கிறாள், சேலையில் தீயோடு. கழுத்து, முதுகு, ரெண்டு கை.

சாவு ஒன்றும் இல்லை. மதுரையில் கேண்டீன் வாசலில் நின்று ஆளாளுக்குப் போன் போட்டு அதைத்தான் முதலில் சொன்னேன். ஏதோ நான் காப்பாற்றின மாதிரி.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். கொசுவலைக்குள் குப்புறக் கிடந்தாள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. என் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினாள். என்னைத் திட்டப் போகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

“அண்ணாச்சி, நான் விசில் கேக்காம ஓடிட்டேன்.”

எனக்கு ஒரு நிமிசம் விளங்கவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் மெள்ள மெள்ளச் சொன்னாள். சத்தியத்தை மீறிவிட்டதால் மகளுக்கு அம்மன் கொடுத்த கண்ணை அம்மனே திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று பயம். அதனால் நான் இருக்கன்குடிக்குப் போய், சன்னதியில் சூடம் கொளுத்தி, இவளிடம் வாங்கின சத்தியத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாங்கினவர் சொன்னால்தான் செல்லும் என்றாள்.

சத்தியம் என்ன கைமாத்துப் பொருளா, திருப்பிக் கொடுக்க, அதெல்லாம் வழக்கம் கிடையாது, நீ மனசைப் போட்டு அலட்டாதே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மை அது இல்லை. விசாரணைக்கு அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஏன் அந்தப் பெண் மட்டும் ஓடவில்லை என்று கேட்டார்கள். பயத்தில் உறைந்து போயிருப்பாள் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். நான் எழுதிக் கொடுத்த தாளில் சத்தியம் என்ற வார்த்தையே கிடையாது. இருக்கன்குடியில் போய் நின்று வாய்விட்டுச் சொன்னால் அது சாத்தூர் பூராவும் தெரிந்துவிடும். பனியில் ஆறு மணி நேரம் நின்றவனுக்கு அங்கே ஆறு நிமிசம் நிற்கத் தைரியம் இல்லை.

கம்பெனியைப் பூட்டி சீல் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவள் புருசன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். லாரியில் லோடு ஏற்றுகிறவன், அதிகம் பேசாதவன். மகளையும் கூட்டி வந்திருந்தான். பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“ஊரு பூராம் கண்ணு நோவு வந்துருக்கு, இதுக்கும் வந்துருச்சு. அவ நம்ப மாட்டேங்கா. மூணு நாளா கஞ்சி எறங்கல. இப்படிச் சாப்பிடாம கெடந்தா புண்ணு ஆறாது, பொழைக்க மாட்டான்னு டாக்டர் சத்தம் போடுதாரு.”

பிள்ளைக்குச் சொட்டு மருந்து நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

“மருந்து நேத்தே ஊத்தியாச்சு. நான் உங்ககிட்ட மருந்தா கேட்டு வந்தேன்?” என்றான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். “பட்டாளத்துல உசுரக் குடுன்னா குடுப்பீகளாமே. நான் அம்புட்டெல்லாம் கேக்கல. இருக்கன்குடிக்குப் பஸ்ஸு கால் மணி நேரம்.”

என் வாசலில் நின்று என்னை அப்படி யாரும் பேசினதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கார் எடுக்கிறேன் என்றேன். பஸ்ஸிலேயே போவோம் என்றுவிட்டான். பஸ்ஸில் அந்தப் பிள்ளை எனக்கு முன் சீட்டில், கண்ணைத் தேய்க்காதே என்று அப்பன் கையைப் பிடித்து வைத்திருக்க, என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. வழி நெடுக எனக்கு அந்தக் கேப்டன் நினைப்புத்தான். கசம் பரேடில் நாங்கள் மட்டும்தான் வாய் திறந்து சொன்னோம். எதிரே நின்ற அதிகாரிகள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு அதில் பங்கு இல்லை என்றுதான் நானும் இம்புட்டு வருசமாக நினைத்திருந்தேன். உசுரைத் தருகிறேன் என்று ஒருத்தன் சொல்லும்போது எதிரே நின்று கேட்டுக்கொண்டவனுக்கும் அது கட்டு. அவன் நிறுத்தின இடத்துக்கு அவன் போயாக வேண்டும். அந்தக் கேப்டன் சத்தியம் எதுவும் செய்யாமலே அதைச் செய்தார். நான் இங்கனதான் கிடப்பேன் என்று சொல்லியும் செய்யவில்லை. அதிகாரி வேசம் மட்டும் போட்டேன்.

கோயிலில் கூட்டம் சுமாராக இருந்தது. சன்னதிக்கு முன்னால் சூடம் கொளுத்தி நின்றேன். வாய்க்குள்ளேயே சொன்னேன்.

“சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. என்ன சொன்னீகன்னு அவ கேப்பா.”

சத்தமாகச் சொன்னேன். இந்தப் பிள்ளையின் தாயிடம் கேட்கக் கூடாத சத்தியத்தைக் கேட்டு வாங்கினேன். நான் அங்கே இருப்பேன் என்று சொல்லிவிட்டு இல்லாமல் போனேன். மீறினது நான், அவள் இல்லை. அவள் சத்தியத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ரெண்டு பேர் தெரிந்த முகம். பிள்ளை நெற்றியில் அவள் அப்பன் திருநீறு பூசினான். எனக்குத் தரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன சொன்னேன் என்று கேட்டாள். சொன்னேன். எந்த இடத்தில் நின்று, யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். புருசன் தலையை ஆட்டினான். அப்புறம் கேட்டாள்.

“மத்தவளுகளுக்கு?”

எனக்கு அது தோன்றவே இல்லை.

“அவளுகளும் விசில் கேக்காமத்தான ஓடினாளுக. அவளுகளுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல அண்ணாச்சி. அவளுகளுக்கும் குடுத்துருங்க.”

கொடுத்துவிடுகிறேன் என்றேன். புருசன் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து நீட்டினான். குடித்தாள். நான் வெளியே வராந்தாவில் வந்து நின்றுகொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவர்கள் ஊருக்குப் போனேன். என் கம்பெனி பூட்டிக் கிடந்ததால், என்னிடம் இருந்தவர்களில் பாதிப் பேர் சிவகாசிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தூக்குவாளியோடு ரோட்டோரம் வேனுக்கு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வாங்க அண்ணாச்சி என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். ரோட்டோரம் ஒரு ஓட்டுச் சில்லை வைத்து, அதில் சூடம் வைத்துக் கொளுத்தினேன். விசயத்தைச் சொன்னேன். ஆயுத பூசை அன்றைக்கு உங்களிடம் வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். அன்றைக்குக் கையைப் பிடித்து இழுத்தாளே, அந்த மூத்தவள்தான் கடைசியில் பேசினாள்.

“என்னத்தத் திருப்பிக் குடுக்கப் போறீக அண்ணாச்சி. நாங்க அன்னைக்கு வாய்க்கு வந்தத ஒப்பிச்சுட்டு வந்தோம். சூடத்துல கைய வைக்கும்போதே, இது பொய்யி ஆத்தா, கணக்குல வச்சுக்கிராதன்னு நெனச்சுக்கிட்டுத்தான் வச்சேன். எல்லாவளும் அப்படித்தான். வேலை வேணும்ல. அவ ஒரு கிறுக்கச்சி, நெசமாச் சொல்லியிருக்கா.”

ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. என் கம்பெனியை ஊர் மெச்சினது முப்பது பேர் சத்தியத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற இருபத்தொன்பது பேரும் என் வாய்க்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தியம் செய்தது ஒருத்தி. பார்த்துப் பார்த்து அந்த ஒருத்தியைக் கொண்டுபோய்த் தீயில் நிறுத்தியிருக்கிறேன்.

வேன் வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தான். தூக்குவாளிகளை இடுக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மூத்தவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்கன நிக்காதீக அண்ணாச்சி, வண்டி திரும்பணும். தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றேன்.